வேப்பிலைக்குள்ளே ஆர் இருக்கினம்?

வளவில் நிற்கிற வேம்பிலிருந்து நோய் எதுவுமில்லாத ஓர் இலையை ஆய்ந்து, கழுவி, அதன் மேற்பரப்பிலுள்ள கிருமிகளையெல்லாம் கொன்ற பிறகு, சின்னத் துண்டுகளாக வெட்டி ஏகார் என்ற கடற்பாசிக் கூழின் மேல் வைத்துப் பாருங்கள். சில நாளில் வெட்டு விளிம்பிலிருந்து பங்கசு இழைகள் வெளியே வரும். அவை காற்றிலிருந்து விழுந்தவை அல்ல. அந்த இலை மரத்தில் பச்சையாக நின்ற காலத்திலேயே அதற்குள் வாழ்ந்தவை. இலைக்கு அவற்றால் ஒரு தீங்கும் இருக்கவில்லை.

தாவரத்தின் இழையத்துக்குள், நோய் தராமல், வெளியே தெரியாமல் வாழ்கிற இப்படியான பங்கசுகளையும் பற்றீரியாக்களையும் எண்டோபைற் என்கிறார்கள். ஜெர்மன் தாவரவியலாளர் அன்ரன் டி பாரி 1866இலேயே இந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆய்வாளர்கள் தேடிப் பார்த்த தாவரங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இவை இருந்திருக்கின்றன. புல், பெருமரம், கண்டல், கரும்பு எதுவும் விலக்கில்லை.

யாழ்ப்பாணத்து இணுவிலில் அயல் பிள்ளைகள் சிலரோடும், தோட்டம் செய்கிற பெரியவர்கள் இரண்டொருவரோடும் சேர்ந்து ஞாயிறு பின்னேரங்களில் இந்த உள்வாசிகளைத் தேடிப் பார்த்து வருகிறோம். எங்களிடம் ஆய்வுகூடம் இல்லை. குசினியும், ஒரு பழைய நுணுக்குக்காட்டியும், செம்மண் தோட்டமும் இருக்கின்றன. இதை ஏன் ஒவ்வோர் ஊரிலும் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இலையை அல்ல, வேரை. கச்சான், கௌபி, பயறு, சணல், எது கிடைத்தாலும் சரி. இழுத்துப் பிடுங்கினால் பார்க்கவேண்டியது மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசவேண்டும். வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் வேர்ச்சிறுகணுக்கள். பிளேட்டால் ஒன்றை இரண்டாக வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின். எங்கள் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம். கணுவுக்குள்ளே காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தாவரத்துக்குக் கொடுக்கிற பற்றீரியா இருக்கிறது. அது பயன்படுத்துகிற நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஒட்சிசனை அளவோடு வைத்திருக்க இந்தச் சிவப்புப் புரதம் வேண்டியிருக்கிறது. வெட்டின கணு சிவப்பென்றால் வேலை நடக்கிறது. பச்சையோ சாம்பலோ என்றால் அது ஓய்ந்துவிட்டது.

ரைசோபியம் என்ற இந்தப் பற்றீரியா வகை பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதக்கூடிய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இந்தச் சிவப்பைக் கண்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். படித்தது காலடியிலேயே இருந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒருவரும் தோண்டிக் காட்டவில்லை.

கணுவை ஒரு துளி நீரில் நசித்து, கண்ணாடித் தட்டில் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மெதிலீன் நீலம் போட்டால் பற்றீரியாவைப் பார்க்கலாம். மெதிலீன் நீலத்துக்கு இரசாயனக் கடை தேடவேண்டியதில்லை, வளர்ப்பு மீன் விற்கிற கடையில் மீன் மருந்தாக இருக்கும். ஆயிரம் மடங்கு பெருக்கம் கிடைத்தால் ஓர் அழகான விடயம் தெரியும். கௌபிக் கணுவில் பற்றீரியா கோல் வடிவத்தில் இருக்கும், கச்சான் கணுவில் உருண்டு பருத்திருக்கும். ஒரே வகைப் பற்றீரியாவே இரண்டுக்குள்ளும் புகக்கூடும். ஆனால் உள்ளே போனபிறகு அது என்ன உருவம் எடுப்பது என்பதில் செடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கணுவைப் பார்த்த ஒரு தோட்டக்கார ஐயா கேட்டார்: "தம்பி, உது வேர்முடிச்சு நோயெல்லோ? கரட்டுக்கு வந்தா நாங்கள் தலையில கைவைச்சுக்கொண்டு இருக்கிறனாங்கள். நீங்கள் நல்லதெண்டுறியள்."

சரியான கேள்வி. வலிகாமத்துத் தோட்டங்களில் வேர்முடிச்சு வட்டப்புழு பெரிய தொல்லை. தக்காளி, கரட், புகையிலை எல்லாவற்றையும் பிடிக்கும். இரண்டும் தூரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்தறிய நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. கணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், பெருவிரலால் உரஞ்சினால் கழன்று வரும். வட்டப்புழு முடிச்சோ வேரே வீங்கினது, உரஞ்சினால் வராது, வெட்டினால் சிவப்பும் இராது. ஐயா தானே உரஞ்சிப் பார்த்து, தானே வெட்டிப் பார்த்தார். அடுத்தமுறை வந்தபோது தன் தோட்டத்திலிருந்து இரண்டு கௌபிச் செடி கொண்டுவந்தார். ஒன்று வெங்காயத்துக்கு யூரியா கூடப் போட்ட பாத்தியின் ஓரத்தில் நின்றது, மற்றது உரமே காணாத வேலிக்கரையில் நின்றது. யூரியாக்காரச் செடியில் கணுக்கள் அங்கொன்று இங்கொன்று. வேலிக்கரைச் செடியில் நிறைய. மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி பற்றீரியாவைக் கூப்பிட்டு விருந்து வைக்காது. இது பாடநூலில் உள்ள விடயம்தான். ஆனால் ஐயா அதைத் தன் வேலிக்கரையில் கண்டுபிடித்தார்.

அசோலாவைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுக்கும் கோழிக்கும் தொட்டியில் வளர்க்கிறார்களே, அந்தச் சின்ன நீர்ப்பன்னம்தான். ஓர் இலையைக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினால் நீலப்பச்சை நிறத்தில் மணிச்சரம் போன்ற நொஸ்டொக் இழைகள் வெளியே நழுவும். இடையிடையே கொஞ்சம் பெரிய, வெளிறின கலங்கள் தெரியும். நைதரசன் பதிப்பது அந்தக் கலங்களில். தலைமுறை தலைமுறையாக அசோலாவுக்குள்ளேயே இருந்து, தனித்து வாழ்கிற வல்லமையையே இழந்துவிட்ட உயிர் அது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இனி இலை. நாங்கள் பின்பற்றுகிற முறை சென்னையில் செய்யப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாபீடத்தில் இயங்கிய விவேகானந்தா வெப்பமண்டலப் பங்கசியல் நிறுவனத்தில் டி. எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக முதுமலைக் காட்டு மரங்கள், பிச்சாவரத்துக் கண்டல்கள் என்று இலை இலையாகத் தேடியிருக்கிறார்கள். வேப்பிலைக்குள் வாழும் பங்கசுகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2000இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் வந்தது. வெப்பமண்டல மரங்களின் எண்டோபைற் பற்றி உலகம் அறிந்ததில் ஒரு நல்ல பங்கு தமிழ்நாட்டு இலைகளிலிருந்து வந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் அறியவேண்டும்.

முறை எளிது. இலையை ஓடும் நீரில் கழுவி, 70 வீத ஸ்பிரிட்டில் ஐந்து செக்கன், 4 வீத சோடியம் ஹைப்போகுளோரைற்றில் தொண்ணூறு செக்கன், கொதித்தாறிய கிருமியற்ற நீரில் பத்துச் செக்கன். ஹைப்போகுளோரைற் என்பது உடுப்பு வெளுக்கிற பிளீச்தான், போத்தலில் எழுதியுள்ள வீதத்தைப் பார்த்துக் கலந்துகொள்ளலாம். பிறகு ஏகார்.

ஏகாரைப் பற்றிக் கொஞ்சம் விலகிப் பேசவேண்டும். 1880களின் தொடக்கத்தில் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பற்றீரியாவை ஜெலற்றின் மேல் வளர்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகும். அங்கே வேலை செய்த வால்ரர் ஹெஸ்ஸயின் மனைவி பனி ஹெஸ்ஸ, தான் குசினியில் பழப்பாகு இறுக்கப் பயன்படுத்துகிற கடற்பாசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஜாவாவில் இருந்து வந்த அயலவர் ஒருவரிடம் அவர் கற்றுக்கொண்டது. இன்று உலகத்தில் எந்த நுண்ணங்கியியல் ஆய்வுகூடத்துக்குப் போனாலும் ஒரு பெண்ணின் சமையல் அறிவு கிண்ணம் கிண்ணமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்கும் இதில் ஓர் உரிமை உண்டு. எங்கள் களப்புகளில் வளர்கிற கஞ்சிப்பாசியும் ஏகார் தருகிற பாசிதான். பழைய ஆங்கில மருந்து நூல்கள் அதை இலங்கைப் பாசி என்றும் யாழ்ப்பாணப் பாசி என்றும் குறித்தன.

ஆக, கடையில் கடற்பாசி என்று விற்பதை வாங்கி, ஒரு லீற்றருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு அவித்த நீர், 20 கிராம் குளுக்கோசு, 15 கிராம் ஏகார் என்று காய்ச்சினால் பங்கசுக்குப் பிடித்த ஊடகம் தயார். பிரஷர் குக்கர் இருந்தால் இருபது நிமிடத்தில் கிருமி நீங்கும். இல்லாத வீட்டில் புட்டுப்பானை போதும். 1870களில் ஜோன் ரின்டல் காட்டிய வழி அது. முதல்நாள் ஆவியில் அரை மணிநேரம் அவித்தால் வளர்கிற கலங்கள் சாகும், ஆனால் வெப்பம் தாங்குகிற வித்திகள் தப்பும். இரவில் அவை முளைக்கும். இரண்டாம் நாள் அவித்தால் முளைத்தவை சாகும். மூன்றாம் நாள் மிச்சம் மீதியும் போகும். மூன்று நாளும் ஊடகத்தை மூடியபடியே வைத்திருக்கவேண்டும்.

இந்தப் பட்டறையின் உயிர் எங்கே இருக்கிறதென்றால், இலைத்துண்டு வைத்த கிண்ணத்தில் அல்ல, மற்ற இரண்டு கிண்ணங்களில். ஒன்றில் ஒன்றுமே வைப்பதில்லை. துண்டு வைக்கிற அதே நேரம் திறந்து, அதே நேரம் மூடுகிறோம். இன்னொன்றில், கிருமி நீக்கின இலையை முழுசாக ஒருதரம் ஒற்றி எடுக்கிறோம். வெறுங் கிண்ணத்தில் பூஞ்சணம் வந்தால் எங்கள் ஊடகமோ காற்றோ சுத்தமில்லை. ஒற்றின கிண்ணத்தில் வந்தால் இலையின் மேற்பரப்பைச் சரியாகக் கொல்லவில்லை. இரண்டும் வெறுமையாக இருந்து, இலைத்துண்டின் விளிம்பில் மட்டும் இழை வந்தால்தான் "இது உள்ளே இருந்தது" என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

முதல் தடவை கிண்ணத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது வந்ததும் பிள்ளைகள் துள்ளுவார்கள். "அண்ணை, வந்திட்டுது!" அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெறுங் கிண்ணத்தைப் பார்த்தியளோ? சில ஞாயிறு கழிந்தபின் அந்தக் கேள்வியை அவர்களே ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். நான் கண்ட பலன்களில் பெரியது அது.

பிறகு அவர்களே ஒரு சோதனை கேட்டார்கள்: கொழுந்திலும் முற்றின இலையிலும் ஒரே அளவாக வருமா? இதே கேள்வியைப் பனாமாவில் கொக்கோ மரத்தில் கேட்டிருக்கிறார்கள். அங்கே இளம் இலை பங்கசு இல்லாமல்தான் விரிகிறது. காற்றிலும் மழையிலும் வருகிற வித்திகள் விழுந்து, உள்ளே புகுந்து, இலை வயதாக வயதாகக் குடித்தொகை கூடுகிறது. அப்படிக் குடியேறியவை நோய்ப் பங்கசின் தாக்கத்தைக் குறைக்கின்றன என்று எலிசபெத் ஆர்னோல்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்டார்கள். எங்கள் மாவிலும் வேம்பிலும் முற்றின இலைத்துண்டுகளில்தான் கூட வந்தது. எங்களுடையது சின்னச் சோதனை, அதை வைத்துப் பெரிய முடிவு சொல்லக்கூடாது. பனாமாவில் கண்டதோடு பொருந்துகிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. கிண்ணத்தில் வந்த பங்கசுக்குப் பெயர் வைப்பது எங்களால் இயலாத காரியம். பல எண்டோபைற்கள் ஏகாரில் வித்தியே வைக்காது, வெறும் இழையாகக் கிடக்கும். பெயர் அறிய டி.என்.ஏ. வரிசை பார்க்கவேண்டும். அதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள்தான் வழி. ஏகாரில் வளராதவையும் ஏராளம். ஆகவே கிண்ணத்தில் தெரிவது இலைக்குள் உள்ளதில் ஒரு பகுதி மட்டுமே.

பாதுகாப்பு விடயத்தில் நான் கண்டிப்பு. கிண்ணத்தை ஒட்டிய பிறகு ஒருவரும் திறக்கக்கூடாது, மூடியூடாகத்தான் பார்க்கவேண்டும். வாய், தோல், கழிவுநீர், இறைச்சி எதிலிருந்தும் எடுத்து வளர்க்கக்கூடாது. இழுப்பு உள்ளவர்களும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் பூஞ்சணக் கிண்ணங்களுக்குக் கிட்ட வரவேண்டாம். ஸ்பிரிட்டைச் சுவாலைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம், ஸ்பிரிட்டையும் பிளீச்சையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே வேண்டாம். முடிந்தபின் கிண்ணங்களைப் பிளீச்சில் ஊறவிட்டோ குக்கரில் அவித்தோ கொன்றபிறகுதான் எறிவது. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் செய்கிறதானால் செய்யாமல் விடுவது நல்லது.

ஆய்வுகூடத்துக்கு வெளியே உயிரியல் செய்கிற இந்தப் பழக்கம் உலகத்தில் புதிதல்ல. 2008இல் அமெரிக்காவின் பொஸ்ரனில் டி.ஐ.வை. பயோ என்ற பெயரில் ஒரு வலையமைப்புத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உருவான ஹக்ரீரியா என்ற வலையமைப்பைத் தொடக்கியவர்களில் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த யஷாஸ் ஷெட்டி. மலிவு வெப்காமின் வில்லையைத் திருப்பிப் பூட்டினால் அது நுணுக்குக்காட்டி ஆகும் என்பதை இவர்கள் பட்டறை பட்டறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்ரான்போர்ட்டில் மனு பிரகாஷின் குழு காகிதத்தை மடித்துச் செய்த போல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெருக்கும், பங்கசு இழை பார்க்க அது போதும். இங்கேயும் முன்னோடி உண்டு. இணுவிலுக்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில், 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் தமிழில் ஆக்குவித்தார். நுண்ணங்கி, பற்றீரியா, இழையம் என்று தமிழிலேயே பேசிக்கொண்டு பட்டறை நடத்துவது அந்தத் தடத்தில் போவதுதான்.

தோட்டக்காரருக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2021ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்கிடையில் சேதன உரத்தோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் சீனாவிலிருந்து புறப்பட்டது. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள், கம்பனி மறுத்தது, கப்பலில் வந்தது இறக்கப்படவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 70 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தவேண்டி வந்தது. ஒரு கிண்ணத்தில் என்ன வளர்ந்தது என்பது நாட்டின் பிரச்சினையாக நின்றது.

அந்தக் காலத்திலிருந்து "நல்ல நுண்ணங்கி" என்று எழுதின போத்தல்கள் ஊர்க்கடைகளில் கூடிவிட்டன. எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலையில் வாழும் இளஞ்சிவப்பு மெதிலோபற்றீரியாவை வறட்சி தாங்கத் தெளிக்கிற மருந்தாகத் தருகிறது, அது ஆய்ந்து வந்த பொருள். ஆனால் போத்தலில் உயிர் இருக்கிறதா, இருந்தாலும் என் மண்ணில் வேலை செய்கிறதா என்று தோட்டக்காரர் கேட்கவேண்டும். எங்கள் ஐயா இப்போது கேட்கிறார். கடைக்காரர் ஒரு போத்தலைப் புகழ்ந்தபோது, "தம்பி, இது விடாத பாத்தி ஒண்டு பக்கத்தில வைச்சுப் பாத்தனியளோ?" என்று கேட்டாராம். வெறுங் கிண்ணம் பாத்தியாக மாறிவிட்டது.

இன்னும் நெருக்கமான காரணம் கிணறு. எங்களுக்குக் கீழே சுண்ணக்கல், மேலே மெல்லிய செம்மண். போடுகிற நைதரசனில் பயிர் எடுக்காத பங்கு விரைவாகக் கீழே இறங்குகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980கள் தொட்டு ஆய்வுகள் சொல்லிவருகின்றன. பால்குடிப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. எண்டோபைற் வந்து எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. வெங்காயத்துக்குக் கணு வராது. ஆனால் வெங்காயத்துக்கு முன்னும் பின்னும் சணலோ பயறோ கௌபியோ போட்டு மடக்கி உழுதால் வாங்குகிற யூரியாவைக் குறைக்கலாம். எங்கள் பெரியவர்கள் குழை தாழ்த்த தோட்டங்கள்தானே இவை. ஏன் குறைக்கலாம் என்பதைச் சிவப்புக் கணுவைக் கண்ட தோட்டக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்து நாங்கள் கரையோரச் செடிகளைப் பார்க்க இருக்கிறோம். அமெரிக்கக் கடற்கரைப் புல் ஒன்றிலிருந்த பங்கசை நெல்லுக்குள் குடியேற்றியபோது நெல் உப்பைக் கூடத் தாங்கியதாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. உவர் ஏறிவரும் எங்கள் வயல்களை நினைத்தால், அடம்பனுக்கும் தாழைக்கும் உள்ளே ஆர் இருக்கினம் என்று தேடாமல் இருப்பது சரியில்லை. அதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்துதான் செய்யவேண்டும். ஆர்வமுள்ள ஆய்வாளர்கள் இதை வாசித்தால் எங்களோடு பேசுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒதுக்குங்கள். பாவனையில்லாத நுணுக்குக்காட்டி பூட்டிய அலுமாரியில் இருக்கிற பாடசாலையாக இருந்தால் அதிபரிடம் கேளுங்கள். ஏகாரை அடுத்த மாதம் பார்க்கலாம். முதலில் ஒரு மண்வெட்டியோடு கச்சான் பாத்திக்குப் போய், சுற்றித் தோண்டி, வேரை அலசி, ஒரு கணுவை வெட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.